டாக்டரம்மா பதில்கள்: நோயாளி பேசட்டும்

போன மாதம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. மூட்டுவலி, தைராய்டு கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சேலம் அம்மாப்பேட்டையில் 36 வருஷம் பொது மருத்துவம் பார்த்தவள். தறிக்காரர்கள், கொலுசுப் பட்டறைக்காரர்கள், சேகோ ஆலையில் வேலை செய்கிறவர்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் எஸ்டேட் ஆட்கள் என்று எல்லோரும் வந்தார்கள். கல்லூரியில் படித்ததை விட இவர்களிடம் கற்றது அதிகம்.

என் தாத்தா காலத்தில் வைத்தியர் திண்ணையில் உட்கார்ந்து நாடி பிடித்து, வீட்டுக் கதையெல்லாம் கேட்டு மருந்து கொடுத்தார். இன்று டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே எழுதித் தருகிறார். இதற்குப் பெயர் முன்னேற்றமா?
*வாசகர், ஓமலூர்*

உங்கள் தாத்தா காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வராது. பெரியம்மை தெருவுக்குள் வந்தால் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டுக் காத்திருந்த காலம் அது. 1975-க்குப் பிறகு நம் நாட்டில் அந்த நோயே கிடையாது. ஒரு டாக்டராக இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நீங்கள் சொல்கிற இழப்பு உண்மையான இழப்பு. சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வழிகள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாடியைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். நடுவில் 'மொழி' இருப்பதைக் கவனியுங்கள். நோயாளியின் குரலும் பேச்சும் அங்கே ஒரு பரிசோதனை.

ஐரோப்பாவிலும் ஒரு காலம் வரை இப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் வில்லியம் கல்லன் என்று புகழ்பெற்ற மருத்துவர் இருந்தார். நீங்கள் எனக்கு எழுதுவது போலவே நோயாளிகள் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். எப்போது வலி, என்ன சாப்பிட்டால் வலி, தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று பக்கம் பக்கமாக. அதைப் படித்து, ஆளைப் பார்க்காமலே பதில் எழுதுவார். நோயாளி சொல்வதை விட்டால் மருத்துவருக்கு வேறு வழி இல்லை, அதனால் கேட்டார்கள்.

1816-ல் பாரிஸில் இது மாறத் தொடங்கியது. லென்னெக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறோடு ஒரு இளம்பெண் வந்தாள். அதுவரை மருத்துவர்கள் நெஞ்சில் நேராகக் காதை வைத்துத்தான் கேட்பார்கள். அவளிடம் அப்படிச் செய்யக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். இதயத் துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இதுதான். ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்ததில் பிறந்த கருவி என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அன்றிலிருந்து உடம்பு தானாகவே பேசத் தொடங்கிவிட்டது. 1895-ல் எக்ஸ்ரே வந்தது. பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். ஒவ்வொன்றும் உயிர் காத்தது. ஒவ்வொன்றும் வந்தபோது, நோயாளியின் பேச்சுக்கு இருந்த மதிப்பு கொஞ்சம் குறைந்தது.

அதில் என்ன நஷ்டம் என்று கேட்டால், வியன்னா பிரசவ ஆஸ்பத்திரியைத்தான் சொல்வேன். அங்கே இரண்டு பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். ஒரு நாள் இங்கே சேர்க்கை, மறுநாள் அங்கே. டாக்டர்கள் பிரிவில் பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். முதல் பிரிவில் சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மண்டியிட்டு, கையைப் பிசைந்து, "அங்கே வேண்டாம்" என்று கெஞ்சினார்கள் என்று அங்கே வேலை பார்த்த டாக்டர் செம்மல்வைஸ் எழுதி வைத்திருக்கிறார். 1847-ல் காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். டாக்டர்கள் பிணத்தை அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த அந்தப் பிரிவில், ஜூனில் நூற்றுக்கு 2 பேர்.

எல்லோரும் செம்மல்வைஸைப் புகழ்கிறார்கள், நானும்தான். என் மனசு அந்தப் பெண்களிடம்தான் நிற்கிறது. எந்த வார்டில் சாவு என்பது படிக்காத கர்ப்பிணிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர்கள் பயப்படுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். பயத்துக்குள் ஒரு தகவல் இருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை.

அம்மாவுக்கு 54 வயது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறார். சர்க்கரைக்குச் சேலத்தில் காட்டுகிறோம். முதல் பஸ்ஸில் இறங்கி டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தால் உள்ளே இரண்டு நிமிஷம். அம்மா வாயைத் திறப்பதற்குள் "சரி, அடுத்த மாசம் வாங்க". தினமும் பத்து மணிவாக்கில் அம்மாவுக்குக் கிறுகிறுப்பு, கை நடுக்கம், வியர்வை. இதைச் சொல்லவே முடியவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
*வாசகி, ஏற்காடு*

நீங்களாக நிறுத்த வேண்டாம், கண்ணு. ஆனால் அடுத்த மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே போங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். காலை ஆறு மணிக்கு வெறும் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலைச்சரிவில் ஏறிவிட்டு, பதினொரு மணிக்குத்தான் அம்மா தூக்குப் போசியைத் திறக்கிறாரா? அப்படியானால் அந்த நடுக்கம் சர்க்கரை ஏறியதால் வருவதாக இருக்காது, இறங்கியதால் இருக்கலாம். சில சர்க்கரை மாத்திரைகள் சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் தம் வேலையைச் செய்யும். நடுக்கம் வந்தால் அம்மா உடனே கூடையை இறக்கிவிட்டு உட்கார வேண்டும். மூன்று ஸ்பூன் சர்க்கரையோ ஒரு துண்டு வெல்லமோ வாயில் போட்டு, கால் மணி நேரம் பொறுத்து, ஏதாவது சாப்பிட வேண்டும். மடியில் எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கட்டும். அந்தச் சரிவில் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், டாக்டரிடம் பேசுவது. 1984-ல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல் என்ற இருவர் டாக்டர் அறைப் பேச்சுகள் 74-ஐப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிட்டார். 17 பேர்தான் வந்த விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தார்கள். இதைப் படித்த அன்று என் அறைச் சுவர்க் கடிகாரத்தை மேஜைக்கு எதிரே மாற்றி மாட்டினேன். மூன்று நாள் என்னையே கவனித்தேன். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

"எல்லோரையும் பேசவிட்டால் நூறு பேரை எப்போது பார்ப்பது?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். 2002-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளிகளைத் தடுக்காமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 விநாடியில் அவர்களே முடித்துவிட்டார்கள். ஒன்றரை நிமிஷம்தான்.

உங்கள் டாக்டர் அந்த ஒன்றரை நிமிஷம் தருவாரா, எனக்குத் தெரியாது. அதனால் 18 விநாடிக்குள் முக்கியமானது வெளியே வந்துவிட வேண்டும். "அம்மாவுக்குச் சர்க்கரை இருக்குங்க" என்று தொடங்காதீர்கள். அது நோட்டிலேயே இருக்கிறது. உள்ளே நுழையும்போதே, "மாத்திரை போட்டு நாலு மணி நேரத்துல கை நடுங்குதுங்க, வேர்க்குதுங்க, சாப்பிட்டா நின்னுடுது" என்று சொல்லுங்கள். எந்த டாக்டரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். எந்த நேரத்தில் நடுக்கம் வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று ஐந்து நாளைக்கு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டைகளையும் அப்படியே எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதியச் சொல்லுங்கள். மாத்திரைக்காக மட்டும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது மிச்சமாகும்.

ஒரு ஆஸ்பத்திரி விளம்பரத்தில் 'நோயாளி மையச் சிகிச்சை' என்று போட்டிருக்கிறார்கள். ஏ.சி. ரூமும் டி.வி.யும்தானா அது?
*வாசகர், ஐந்து ரோடு*

ஏ.சி. இருந்தால் நல்லதுதான், ஆனால் அது வேறு. இந்தச் சொல் வந்த வழியைச் சொல்கிறேன். மைக்கேல் பாலின்ட் என்று ஹங்கேரியில் பிறந்த மனநல மருத்துவர், 1950-களில் லண்டனில் நம்மைப் போன்ற தெரு டாக்டர்களை உட்கார வைத்து அவரவர் நோயாளிகளைப் பற்றிப் பேச வைத்தார். பொது மருத்துவத்தில் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் மருந்து டாக்டரேதான், அதற்கு அளவும் பக்கவிளைவும் யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். அவருடைய மனைவி ஈனிட் பாலின்ட் 1969-ல் 'நோயாளி மைய மருத்துவம்' என்ற சொல்லையே பயன்படுத்தி எழுதினார். நோயை மட்டும் பார்க்காமல், அந்த நோய் இந்த ஆளுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது. 2001-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று, நல்ல சிகிச்சைக்கு வேண்டிய ஆறு குணங்களில் ஒன்றாக இதைச் சேர்த்த பிறகுதான் விளம்பரப் பலகை வரை வந்தது.

நமக்கு இது புதிதில்லை. "உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்" என்ற குறளைப் பள்ளியில் ஒப்பித்திருப்பீர்கள். வரிசையைப் பாருங்கள். நோயுற்றவன் முதலில், நோய் அதற்குப் பிறகு.

வேலூர் பக்கம் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நோயாளியிடம் பேசுவது, அறம் பற்றியெல்லாம் தனி வகுப்பு வைக்கிறார்கள். நேரத்தை வீணடிப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*மாணவர், ராசிபுரம்*

நான் படித்தபோது அந்த வகுப்பு இல்லை. 2019-ல் சேர்ந்தவர்களிலிருந்துதான் அது பாடத்திட்டத்துக்குள் வந்தது. உங்களுக்கு என்மேல் பொறாமை வராது தம்பி, எனக்கு உங்கள்மேல் வருகிறது.

உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியுமே, அங்கே 1914-ல் பிறந்தவர் பால் பிராண்ட். அன்றைக்கு அது நம் சேலம் மாவட்டம்; 1997-ல்தான் நாமக்கல் தனியாகப் பிரிந்தது. அப்பாவும் அம்மாவும் மிஷனரிகள். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் கை மடங்கிப்போனால் சதை அழுகிவிட்டது, அவ்வளவுதான் என்று உலகம் நம்பிய காலம். ஒரு நாள் சாமான் அறைக் கதவின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் நின்றார். தொழுநோய் வந்த சிறுவன் ஒருவன் ஓடி வந்து ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. பார்த்தால், சாவி அவன் விரலை எலும்பு தெரிய அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. நோய் விரலைத் தின்னவில்லை, வலி தெரியாததால் விரல் போகிறது என்று பிராண்டுக்கு அங்கே பிடிபட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் படியுங்கள். ஒவ்வொரு புண்ணுக்கும் அந்த ஆள் நேற்று என்ன செய்தார் என்று கேட்டார்கள். அடுப்பில் விழுந்ததைக் கையால் எடுத்தாரா, செருப்பில் ஆணி இருந்ததா? சிலருக்குக் காலையில் எழுந்தால் விரலில் துண்டு காணோம். இரவு முழுக்கக் காவலிருந்து பார்த்தார்கள், எலி. தூங்குகிறவருக்குக் கடி தெரியவில்லை. அதிலிருந்து வீட்டுக்குப் போகிற நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். எந்தப் பாடப்புத்தகமும் எழுதாத மருந்துச் சீட்டு.

தசைநாணை மாற்றித் தைத்து மடங்கிய கைகளை விரிய வைத்தார். அப்போது சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள்: இந்தக் கைக்கு யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோயாளி என்பதால் வேலையும் தருவதில்லை. கை சரியானது, பிழைப்பு போனது. பிராண்ட் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. தச்சு போன்ற தொழில் கற்றுக்கொள்ள வேலூரில் 'நவ ஜீவ நிலையம்' என்று குடில்கள் எழுந்தன. அறுவையின் முடிவு எது என்று நோயாளிகள்தான் அவருக்குக் காட்டினார்கள்.

அந்த வகுப்புக்குப் போங்கள். முதல் பெஞ்சில் உட்காருங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. வயிற்றில் புற்றுநோய். 'அல்சர்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆபரேஷனுக்கு முன் அவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறார் டாக்டர். சொன்னால் உடைந்துவிடுவார். அண்ணன்கள் கூடாது என்கிறார்கள்.
*வாசகி, ஆத்தூர்*

இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் அண்ணன்கள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் மறைக்கிறார்கள். டாக்டர்களே அப்படித்தான் இருந்தார்கள். 1961-ல் அமெரிக்காவில் கேட்டபோது நூற்றுக்குச் சுமார் 90 டாக்டர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-ல் அதே கேள்விக்கு 97 பேர் சொல்வோம் என்றார்கள். இருபது வருஷத்துக்குள் தலைகீழாக மாறிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2008-ல் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது. ஒரு பெண்ணுக்குச் சின்னப் பரிசோதனை என்று மயக்கம் கொடுத்து, வெளியே இருந்த தாயின் சம்மதத்தில் கர்ப்பப்பையையே எடுத்த வழக்கு அது. நினைவுள்ள வயது வந்தவரின் உடம்புக்கு அவர் சம்மதம்தான் வேண்டும். அவசர உயிராபத்து இல்லாதபோது வேறு யாருடைய சம்மதமும் போதாது என்றது நீதிமன்றம்.

ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு அப்பா முன் போகாதீர்கள். அவரிடமே கேளுங்கள்: "டாக்டர் சொல்றதை நீங்களே கேட்டுக்கிறீங்களாப்பா, இல்ல நாங்க கேட்டுச் செய்யட்டுமா?" சிலர் "நீங்களே பாத்துக்கங்க" என்பார்கள். அதுவும் அவர் முடிவு, மதியுங்கள். பலர் "சொல்லச் சொல்லு" என்பார்கள்.

என் அப்பாவிடம் நாங்களும் மறைத்தோம். அவர் போன பிறகு பஞ்சாங்கத்துக்குள் ஒரு தாள் கிடைத்தது. பால்காரர் பாக்கி, கைமாற்றுக் கொடுத்தது, அம்மாவுக்கு நாங்கள் யார் யார் மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும், எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தார். மேலே தேதி: ஆபரேஷனுக்கு முந்தின நாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்காக அவரும் மறைத்திருக்கிறார். அந்த ஆறு மாதத்தில் நாங்கள் பேசியிருக்கக் கூடியதை எல்லாம் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேஸ் ஷீட் நகல் கேட்டால் தர மறுக்கிறார்கள். கேட்க உரிமை உண்டா?
*வாசகர், மேட்டூர்*

உண்டு. எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகள்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

உங்களால் மறக்க முடியாத நோயாளி யார்?
*வாசகி, செவ்வாய்ப்பேட்டை*

1991. தறி வீட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். ராட்டையில் தார் சுற்றுகிறவள். சளியில் டி.பி. கிருமி இருந்தது. மருந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எடை ஏறவில்லை, இருமல் போகவில்லை. "ஒழுங்கா சாப்பிடறியா?" என்றேன். தலையாட்டினாள். எனக்குக் கோபம் வந்து, காத்திருந்தவர்கள் காதில் விழ அவளைத் திட்டினேன்.

டி.பி.க்காரர்கள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிடலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான், தெரியுமா? 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்து, அவர்களுடைய நெரிசலான வீட்டிலேயே. ஒரு வருஷ முடிவில் இரண்டு பக்கமும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு அதிகமாகப் பரவவும் இல்லை. 1959-ல் அது வெளியானது. அதனால்தான் என் நோயாளி, குழந்தைகளைப் பிரியாமல் ராட்டை முன்னாலேயே இருக்க முடிந்தது. ஆனால் வீடு என்றால் மருந்து அவள் கையில். அவள் விழுங்கினால்தான் உண்டு.

அவள் மாமியாருக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனேன். தறிக்குழிக்குப் பக்கத்தில் மரப்பெட்டி மேல் பிஸ்கட் டப்பா. தெர்மாமீட்டர் வைக்க இடம் தேடி அதை நகர்த்தினேன், உள்ளே கலகலத்தது. திறந்தால் நான் கொடுத்த கேப்சூல்கள். எண்ணிப் பார்த்தேன், மூன்று நாள் மருந்துதான் குறைந்திருந்தது.

அந்த முறை திட்டவில்லை. தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் சாமி?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சாயப்பட்டறைத் தண்ணியாட்டம் செவப்பாப் போச்சுங்க, ஒண்ணுக்கு. ரத்தம்னு நெனச்சேன். மருந்துதான் உள்ள அறுக்குதுன்னு விட்டுட்டேன். கேட்டா நீங்க வைவீங்கன்னு..." என்றாள்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் மூத்திரம் செம்மஞ்சளாகத்தான் போகும். கெடுதல் கிடையாது. முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். முழுசாகச் சாப்பிட்டாள், குணமானாள், எட்டுக் கிலோ கூடினாள். அதற்குப் பிறகும் குழந்தைகளுக்குச் சளி காய்ச்சல் என்று வருவாள். ஒரு தடவை அறைக்குள் நான் ஒரு கொலுசுப் பட்டறைப் பையனுக்கு டி.பி. மருந்து எழுதிக் கொடுத்து, வேண்டியதை எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தேன். அடுத்தவரைக் கூப்பிட எழுந்து வந்தால், வெளி பெஞ்சில் அவள் அந்தப் பையன் கையிலிருந்த கேப்சூலைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இது செவப்பாத்தான் போகும் தம்பி. பயந்துக்காதே. நிறுத்திராதே."